ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குமுன்: தோட்டப்புறத்துப் படக்காரர்களுக்கு

லைக்கா எம்11 ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா 2022 ஜனவரியில் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 8,995 டாலர். அன்றைய மாற்று விகிதத்துக்கு 37,000 மலேசிய வெள்ளியைத் தாண்டும். அது வெறும் பாடியின் விலை, லென்ஸ் தனி. இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை வைத்துக் கணக்குப் போட்டால் 22 மாதச் சம்பளம். வங்கி அட்டையில் 24 மாதத் தவணை என்றால் மாதம் 1,560 வெள்ளிக்கு மேல் கட்ட வேண்டும். இவ்வளவு கொடுத்து வாங்கியதை மாட்டிக்கொண்டு சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நடந்தால், பார்ப்பவர்கள் தாத்தா காலத்து ஃபிலிம் கேமரா என்றுதான் நினைப்பார்கள். திருவிழாக் கூட்டத்தில் அது ஒரு வசதியும்கூட.

இத்தனைக்கும் அதில் ஆட்டோஃபோகஸ் கிடையாது. ஜூம் கிடையாது. எம்11இல் வீடியோவும் கிடையாது. பிறகு எதற்கு இந்தக் காசு?

கண்ணாடி வழியே பார்ப்பது

ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பாடியின் மூலையில் உள்ள தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். அதிலிருந்து ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, சரியாகச் சொன்னால் 69.31 மிமீ தள்ளி, இன்னொரு குட்டி ஜன்னல் இருக்கிறது. அது பிடிக்கும் பிம்பம் வியூஃபைண்டரின் நடுவில் ஒரு சிறு கட்டமாக மேலே படிகிறது. லென்ஸின் வளையத்தைத் திருப்பினால், லென்ஸின் பின்புறத்தில் உள்ள சாய்விளிம்பு (கேம்) பாடிக்குள் இருக்கும் ஓர் உருளையைத் தள்ளும், கட்டத்துக்குள் இருக்கும் பிம்பம் பக்கவாட்டில் நகரும். இரண்டு பிம்பமும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் ஃபோகஸ். மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

இதில் கிடைக்கும் லாபம், சட்டத்துக்கு வெளியே நடப்பதும் தெரிவது. 35 மிமீ லென்ஸ் போட்டால் அதற்குரிய வெள்ளைக் கோடு வியூஃபைண்டருக்குள் விழும். கோட்டுக்கு வெளியேயும் இடம் மிச்சம் இருக்கும். ஈப்போவில் தைப்பூசத்தன்று குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் காவடி சுழலும்போது, அடுத்த நொடி எந்தப் பக்கத்திலிருந்து மயிற்பீலி உள்ளே வரும், பால்குடக்காரம்மா எப்போது குறுக்கே வருவார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். படம் எடுக்கும் கணத்தில் பார்வை இருளாது. மின்திரை கிடையாது என்பதால் வெயிலில் மங்குவதும் பின்தங்குவதும் இல்லை. லென்ஸும் சிறிது. 35 மிமீ லென்ஸ் பலவும் உள்ளங்கைக்குள் அடங்கும்.

எதற்கு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்யாண வேலைக்கு இதை ஒன்றை மட்டும் நம்பிப் போகக் கூடாது. மேடைக்கு 15 மீட்டர் தள்ளி நின்று தாலி கட்டுவதை எடுக்க 135 மிமீ தேவைப்படும். அந்தக் கோட்டுச் சட்டம் நடுவில் தபால்தலை அளவுக்குத்தான் தெரியும். லைக்காவின் பாரம்பரிய எம் வரிசை லென்ஸ்கள் 0.7 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது, ஆகவே மோதிரம், மருதாணி, கோலப்பொடி எல்லாம் வேறு கேமராவின் வேலை. பள்ளிக்கூடத் திடலில் பந்தாட்டமும் அப்படியே.

முதலில் ஒரு மாதம் இனாமாகப் பழகுங்கள்

கையில் இருக்கும் எந்தக் கேமராவானாலும் சரி, ஃபுல்ஃபிரேம் (ஃபிலிம் அளவுச் சென்சார்) என்றால் 35 மிமீயில், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 23 அல்லது 24 மிமீயில் ஜூமை நிறுத்தி, வளையத்தின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டுங்கள். ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றுங்கள். துளையை எஃப் 8இல் வைத்து, தூரத்தை 3 மீட்டரில் நிறுத்தி, பின்திரையை அணைத்துவிடுங்கள். இனி ஒரு மாதத்துக்கு எதையும் தொடக் கூடாது, கால்தான் ஜூம்.

3 மீட்டர் என்பது பெரியவர் நடையில் நாலு எட்டு. வீட்டு முன்நடையிலிருந்து நாலு எட்டு வைத்து, டேப்பால் அளந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் கண் பழகிவிடும். 35 மிமீ, எஃப் 8, 3 மீட்டர் என்றால் பழைய கணக்குப்படி 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் சொச்சம் வரை தெளிவு. லென்ஸின் மேல் பொறித்திருக்கும் ஆழ அளவுகோல் இந்தக் கணக்கில்தான் போடப்பட்டது. அது ஃபிலிம் காலத்துக் கணக்கு. 60 மெகாபிக்சல் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்களுக்கு அதே அமைப்பில் 2.2இலிருந்து 5 மீட்டர் வரைதான் கூர்மை நிற்கும். எஃப் 8இல் எடுத்தாலும், அளவுகோலில் எஃப் 5.6 காட்டும் எல்லையை நம்புவது பாதுகாப்பு.

ஒரு மாதம் கழித்து பாசார் மாலாம் இரவுச் சந்தையிலும் கோயில் வாசலிலும் எடுத்த படங்களைப் பாருங்கள். இந்த முறையில் எரிச்சல்தான் மிஞ்சியது என்றால் 37,000 வெள்ளி மிச்சம். சந்தோஷமாக ஒரு நிக்கான் இசட்எஃப் வாங்கிக்கொள்ளலாம். பழைய தோற்றம் வேண்டும், ஃபோகஸை இயந்திரமே பார்த்துக்கொள்ளட்டும் என்பவருக்கு அதுவே போதும்.

எம் லென்ஸை அடாப்டர் போட்டு அதில் மாட்டலாமே என்பார்கள். மாட்டலாம். லென்ஸ் மாட்டும் வளையமான மவுண்ட், எம்மில் சென்சாரிலிருந்து 27.8 மிமீ, நிக்கான் இசட் 16 மிமீ, சோனி ஈ 18 மிமீ. இடைவெளியை அடாப்டர் நிரப்பிவிடும். 50 மிமீ, 35 மிமீ பெரும்பாலும் சரியாக வரும். 28க்குக் கீழே போனால் அந்தக் கேமராக்களின் சென்சார் மேல் உள்ள தடித்த கண்ணாடி, சாய்ந்து வரும் ஒளியைக் கெடுத்து மூலைகளைக் குழப்பும். லைக்காவில் அந்தக் கண்ணாடி மெல்லியது. விலையில் ஒரு பகுதி அதற்கும் போகிறது.

எந்தப் பாடி

முதல் ஃபுல்ஃபிரேம் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் 2009இல் வந்த லைக்கா எம்9. அதற்கு முந்தைய எம்8 மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது ஃபுல்ஃபிரேம் இல்லை, 35 மிமீ லென்ஸ் அதில் கிட்டத்தட்ட 47 மிமீ ஆகிவிடும். பிரான்ஸின் பிக்ஸி நிறுவனமும் ஃபுல்ஃபிரேம் ஒன்றைச் செய்கிறது, பின்திரையே இல்லாமல் ஃபோனில் படம் பார்க்க வேண்டும். மற்றபடி இந்தச் சந்தையில் லைக்கா தனிக்காட்டு ராஜா, விலை இறங்காததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு எச்சரிக்கை: 2025இல் வந்த எம் ஈவி1இல் பெயரில் எம் உண்டு, ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது. மின்திரை வியூஃபைண்டர்தான்.

எம்9 படங்களின் நிறத்துக்கு ரசிகர்கள் உண்டு. ஆனால் அதன் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு, 2500இல் முடிந்துவிடும். விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் பால் வெட்டுபவரை எடுக்க அது போதாது. அதைவிடப் பெரிய வியாதி சென்சார் அரிப்பு. சிசிடி என்ற பழைய வகைச் சென்சாரின் மேல் கண்ணாடி ஈரத்தால் அரிக்கப்பட்டு, படத்தில் ஒளிவட்டம் சூழ்ந்த புள்ளிகள் விழும். எம்9, எம்9-பி, முதல் மோனோகுரோம், அதே சிசிடி போட்ட எம்-ஈ எல்லாவற்றிலும் இது உண்டு. இலவசமாக மாற்றித் தந்த காலம் முடிந்துவிட்டது. நம் ஊர் ஈரத்தில் மாற்றப்படாத சென்சாரை வாங்குவது, கூரை ஒழுகும் வீட்டை மழைக்காலத்தில் வாங்குவது மாதிரி.

எங்கள் சிபாரிசு லைக்கா எம் டைப் 240 அல்லது எம்10. 240இல் 24 மெகாபிக்சல் சீமாஸ் சென்சார், லைவ் வியூ (லென்ஸ் வழியே வரும் காட்சி பின்திரையில் தெரிவது), பெரிய பேட்டரி. பயன்படுத்தியது புதிதாக வந்த விலையில் பாதிக்கும் கீழே, பத்தாயிரம் வெள்ளியைச் சுற்றிக் கிடைக்கும். ஐஎஸ்ஓ 6400 வரை போகும், படத்தைத் திருத்தும்போது நிழல் பகுதியை வெளிச்சமாக்கினால் கோடு விழலாம், ஆகவே 3200ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. 2017இல் வந்த எம்10 ஒல்லி, இருட்டில் மேல், விலையும் மேல். ஆனால் பேட்டரி சின்னது, ஒரு சார்ஜில் இருநூறு படம் சொச்சம். தைப்பூசத்துக்கு மூன்று பேட்டரி இல்லாமல் கிளம்பாதீர்கள். எம்11இல் 60 மெகாபிக்சல், உள்ளேயே 64 ஜிபி, யுஎஸ்பி-சியில் சார்ஜ். பவர்பேங்க் போதும் என்பது தோட்டத்துக்குள் அலைபவருக்கு நிஜமான வசதிதான். அதற்காக மட்டும் மும்மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டுமா என்றால் வேண்டாம் என்போம்.

லென்ஸில்தான் மிச்சம் பிடிக்கலாம். லைக்காவின் 35 மிமீ சும்மிக்ரான் புதிது 3,500 டாலருக்கு மேல். ஜப்பானின் வொய்க்லாண்டர் 35 மிமீ லென்ஸ்கள் அறுநூறு, எழுநூறு டாலர் வட்டாரத்தில், நம் காசுக்குச் சுமார் மூவாயிரம் வெள்ளியில் கிடைக்கும். எஃப் 5.6இல் எடுத்த இரண்டு படத்தை அச்சடித்துச் சுவரில் மாட்டினால் எது எது என்று சொல்வது கஷ்டம். 7ஆர்ட்டிசன்ஸ், டிடிஆர்ட்டிசன் போன்ற சீன லென்ஸ்கள் அதற்கும் கீழே. அவற்றில் கேம் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியிருக்கும். 1954இல் எம்3 வந்த நாள் தொட்டு மவுண்ட் மாறவில்லை, பழைய லென்ஸும் அப்படியே மாட்டும்.

கண்ணாடி அணிபவர்கள் 35 அல்லது 50 மிமீயில் தொடங்குங்கள். 28 மிமீ கோட்டை மூக்குக் கண்ணாடியோடு முழுதாகப் பார்க்க முடியாது. பவரைச் சரிசெய்யும் சக்கரமும் இந்தப் பாடிகளில் இல்லை, தனியாகத் திருகுக் கண்ணாடி வாங்கிப் பொருத்த வேண்டும்.

பயன்படுத்தியதை வாங்கும் நாள்

முடா, கேரோசெல் போன்ற இணையச் சந்தையில் பார்த்துப் பேசி முடித்தாலும் காசை முன்கூட்டி அனுப்பாதீர்கள். பகலில், திறந்தவெளி உள்ள இடத்தில் சந்தியுங்கள். ஒரு எஸ்டி அட்டை, லேப்டாப், டார்ச், 30 சென்டிமீட்டர் ஸ்கேல், முக்காலி கொண்டுபோங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முதலில் சென்சார். துளையை எஃப் 16க்கு மூடி, ஃபோகஸைக் கிட்டே வைத்து, வெறும் வானத்தை எடுங்கள். லேப்டாப்பில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பாருங்கள். ஒழுங்கற்ற கருப்புத் திட்டு என்றால் தூசி, ஊதினால் போகும். நடுவில் புள்ளியும் சுற்றி வட்டமும் இருந்தால், அது எம்9 குடும்பம் என்றால், அரிப்பு. பேரம் பேசாமல் எழுந்துவிடுங்கள்.

அடுத்து ரேஞ்ச்ஃபைண்டர், இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் கூர்மையான விளிம்பு ஒன்று வேண்டும். சுங்கை சிப்புட், ஈப்போ பக்கம் சுண்ணாம்புக்கல் மலைகள் இருக்கின்றன, இல்லையென்றால் தொலைத்தொடர்புக் கோபுரம். லென்ஸை முடிவிலியில் முட்டும்வரை திருப்புங்கள். நடுக்கட்டத்தில் இரண்டு கோபுரமும் ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் விலகினால் முடிவிலி தப்பியிருக்கிறது. ஒன்று மேலே ஒன்று கீழே தெரிந்தால் செங்குத்து விலகல், அது படத்தைக் கெடுக்காது, கண்ணைத்தான் களைப்பாக்கும்.

கிட்டத்து ஃபோகஸைச் சோதிக்க மைலோ டின் ஒன்று போதும். பாடியிலிருந்து 1 மீட்டர் தள்ளி மேசையில் டின்னை வையுங்கள். பக்கத்தில் ஸ்கேலை 45 பாகையில் சாய்த்து, 15ஆம் கோடு டின்னின் விளிம்புக்கு நேராக வரும்படி வையுங்கள். முக்காலியில் 50 மிமீ, எஃப் 2. விளிம்பின் மேல் கட்டத்தைப் பொருத்தி எடுத்து, வளையத்தைக் கலைத்து, மறுபடி பொருத்தி எடுங்கள். இப்படி ஐந்து படம். அந்தத் தூரத்தில் தெளிவின் ஆழம் சுமார் நாலரை சென்டிமீட்டர். ஸ்கேல் சாய்ந்திருப்பதால் அது ஆறு சென்டிமீட்டருக்கு மேல் விரிந்து தெரியும். 15ஐ நடுவில் வைத்து 12இலிருந்து 18 வரை கூர்மையாக இருந்தால் பிசகில்லை.

ஐந்தும் ஐந்து விதமாக விழுந்தால் கோளாறு உங்கள் கண்ணில், பழகப் பழகச் சரியாகும். ஐந்தும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளினால் கருவியில். அப்போது லென்ஸை மாற்றிப் பாருங்கள். எல்லா லென்ஸும் அதே பக்கம் தள்ளினால் பாடி, ஒன்று மட்டும் என்றால் அந்த லென்ஸ். லைவ் வியூ உள்ள பாடி என்றால் குறுக்கு வழி உண்டு: லைவ் வியூவில் பெரிதாக்கி ஃபோகஸ் வைத்துவிட்டு, கையை எடுத்து, வியூஃபைண்டரில் பாருங்கள். பிம்பங்கள் ஒன்றியிருக்க வேண்டும்.

எஃப் 2.8, எஃப் 4இலும் ஒவ்வொன்று எடுங்கள். வொய்க்லாண்டர் நாக்டான் 35 மிமீ எஃப் 1.4 போன்ற சில லென்ஸ்களில் துளையைச் சுருக்கும்போது ஃபோகஸ் பின்னால் நகரும். அது பழுதில்லை, லென்ஸின் குணம்.

கடைசியாக லென்ஸைக் கழற்றித் துளையை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சணம். பால் கலந்த மாதிரி மங்கல் இருந்தால் உள்ளே எண்ணெய்ப் படலம், வெயிலுக்கு எதிரே எடுத்த படம் வெளுத்துப் போகும். முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறலுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம்.

பெட்டி, ரசீது, வரிசை எண் மூன்றும் பொருந்த வேண்டும். சர்வீஸ் சீட்டு இருந்தால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். பாடியை ஜெர்மனிக்கு, வெட்ஸ்லாருக்கு அனுப்ப நேர்ந்தால் மாதக்கணக்கில் கேமரா இல்லாமல் உட்கார வேண்டும். வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கை அதற்காகத் தனியே எடுத்து வையுங்கள்.

கையில் வந்த பிறகு

கட்டத்தை நிமிர்ந்த கோட்டின் மேல் வையுங்கள்: வேட்டிக் கரை, கதவு நிலை, மூக்கின் ஓரம். கிடைக்கோடுதான் கிடைத்தது என்றால் கேமராவை நெட்டாகத் திருப்பிப் பொருத்திவிட்டு மறுபடி திருப்பிக்கொள்ளுங்கள். ஏமாற்றுவது வரிசையாக ஒரே மாதிரி வரும் உருக்கள்தாம். வீட்டு ஜன்னலின் இரும்புக் கிரில்லில் மூன்றாவது கம்பி நாலாவது கம்பியின் மேல் உட்கார்ந்து, சரியாகப் பொருந்தியது போலவே காட்டும். செம்பனை ஓலையின் இலைக்கீற்றிலும் அப்படித்தான். கிரில்லை விட்டு அதன் பூட்டைப் பிடியுங்கள், ஓலையை விட்டு மட்டையின் விளிம்பைப் பிடியுங்கள். விடியுமுன் இருட்டில் நெற்றி விளக்கின் ஒளிப்புள்ளியே கட்டத்துக்குப் போதும்.

வெள்ளைக் கோடுகள் எம்10, எம்11இல் 2 மீட்டர் தூரத்துக்குப் பொருந்தும்படி வைக்கப்பட்டவை. தூரத்துக் காட்சியில் கோட்டுக்கு வெளியே இருப்பதும் கொஞ்சம் படத்தில் விழும். குப்பைத் தொட்டி ஓரத்தில் நுழைந்தால் அதிசயப்படாதீர்கள்.

பகல் வெயிலில் இன்னொரு சிக்கல். எம்11இல் ஐஎஸ்ஓ 64 வைத்து எஃப் 2இல் எடுத்தால் 1/4000 நொடி வேண்டும், இயந்திர ஷட்டரின் எல்லை அது. எஃப் 1.4க்குத் திறந்தால் 1/8000 கேட்கும். மின்னணு ஷட்டருக்கு மாற வேண்டும், அது இல்லாத பாடியில் லென்ஸின் முன் மாட்டி ஒளியைக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் வேண்டும். தொடக்கத்தில் ஆட்டோ ஐஎஸ்ஓவை 1/250 நொடிக்குக் குறையாமல் பூட்டி வையுங்கள். 60 மெகாபிக்சலில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

மோட்டார் கூடையில் கேமராவைப் போட்டுச் செம்மண் பாதையில் ஓட்டாதீர்கள். குலுங்கிக் குலுங்கி ரேஞ்ச்ஃபைண்டர் தப்பும். உடம்போடு ஒட்டித் தொங்கட்டும், உடம்பு அதிர்வை வாங்கிக்கொள்ளும். ஏர்கோன் காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் உடனே நீர் படியும். ஜிப்பை மூடியபடி இருபது முப்பது நிமிடம் விடுங்கள். கோயில் நிகழ்ச்சி ஏழு மணிக்கு என்றால் ஆறரைக்கே போய்விடுங்கள்.

வீட்டில் டிரை கேபினெட் இருந்தால் ஈரப்பதத்தை 45 விழுக்காட்டில் வையுங்கள். 30க்கும் கீழே காயவிட வேண்டாம், கிரீஸும் தோல் உறையும் வறளும். கேபினெட்டுக்கு இப்போது காசில்லை என்றால் ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. ஆரஞ்சு மணி பச்சையானதும் ஓவனில் 120 பாகை செல்சியஸில் ஒன்றிரண்டு மணி நேரம் காயவைத்தால் பழையபடி ஆரஞ்சாகும். அரிசியில் புதைத்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், அந்தத் தவிடு லென்ஸ் வளையத்துக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு.

மைலோ டின் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்து, அந்த ஐந்து படத்தையும் தேதியோடு சேமித்து வையுங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் தப்பியது தெரிந்தால் உருளையில் திருகு இருக்கிறது, ஆறுமுகச் சாவி போட்டால் திரும்பும் என்று யூடியூப் பார்த்துக் கைவைக்க வேண்டாம். முடிவிலியைத் திருத்தினால் கிட்டத்து ஃபோகஸ் மாறும், அதைத் திருத்தினால் இது மாறும். பாடியோடு உங்கள் லென்ஸ்களையும், சேமித்த படங்களையும் சேர்த்து சர்வீஸுக்குக் கொடுங்கள். எந்த லென்ஸ், எத்தனை மீட்டரில், எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்.